திரும்பி வந்த கட்டில்

நஜ்முன்னிசா ஈரத்துணியைப் பிழிந்து கட்டிலின் தலைமாட்டுப் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். லோடு ஆட்டோவில் வந்த வழிப்புழுதி, செதுக்கிய பூக்களின் இடுக்கெல்லாம் ஏறியிருந்தது. கட்டிலை இன்னும் பூட்டவில்லை. பூட்ட இடமில்லை. தலைமாடு ஒரு சுவரில், கால்மாடு எதிர்ச்சுவரில், சட்டங்கள் ஜன்னலுக்குக் கீழே. பீரோ நடையை அடைத்து நின்றதால் எல்லோரும் ஒருக்களித்துத்தான் வீட்டுக்குள் வர வேண்டியிருந்தது. மகள் மஹ்ஜபீன் அடுப்படியில் வெஞ்சனத்துக்குக் கொத்தவரங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். புகுந்த வீட்டிலிருந்து அவளைத் தொடர்ந்து வந்த சாமான்கள்தான் இவை.

ஜமாத்தில் பேசிப் பிரித்துவிட்டால் சீர் சாமான் பெண் வீட்டுக்குத் திரும்பிவிடும். இந்த வழக்கம் வேறு யாரையும்விட நஜ்முன்னிசாவுக்கு நன்றாகத் தெரியும்.

சொந்தத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் மரச்சாமான் வாங்க அவளைத்தான் கூட்டிப்போவார்கள். கட்டிலின் ஒரு மூலையைத் தூக்குவாள். மற்ற மூலைகள் முனகாமல் கூட வர வேண்டும். பீரோவின் முகத்தைப் பார்க்கமாட்டாள், முதுகைத்தான் பார்ப்பாள். பளபளக்கிற கட்டிலைத் தட்டிப் பார்த்து, "மேல தேக்குப் படம், உள்ள மரத்தூளு. நம்ம வீட்டு ஓதத்துக்கு ஒரு மழை தாங்காது" என்று கடைக்காரர் காதில் விழும்படியே சொல்வாள். ஆசாரியிடம் கொடுத்துச் செய்தால் கைக்கு மீறிவிடும். நடுத்தரக் குடும்பம் நல்ல சாமானுக்கு எங்கே போகும்? அதற்கு அவள் ஒரு வழி வைத்திருந்தாள். எந்த வீட்டுக்குச் சீர் திரும்பியிருக்கிறது என்று விசாரிப்பாள்.

"அசல் தேக்கு. சரியாப் புழங்கக்கூட இல்ல. கேட்ட வெலைக்குத் தருவாங்க. கண்ணு முன்னால கெடக்குறதப் பாக்க அவங்களுக்கே ஏலாது" என்பாள்.

அப்படித்தான் சின்னம்மா மகள் முஹ்சினாவின் மூத்த பெண்ணுக்காக ஒருமுறை பேகம்பூரில் ஒரு வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டுப் பெண் கதவுத்திரைக்குப் பின்னால் நின்றிருந்தாள். கால்விரல்கள் மட்டும் தெரிந்தன. நஜ்முன்னிசா கட்டிலைத் தட்டினாள், தூக்கினாள், பிறகு தலைமாட்டில் ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"தலை சாஞ்ச எடத்துல எண்ண ஏறிருக்கு. பாலிசு போட்டாலும் போகாது. பாத்துச் சொல்லுங்க."

"வேணும்னா எடுத்துக்கங்கக்கா. கொறை மட்டும் சொல்லாதீங்க" என்றாள் அந்தத் தாய்.

"பொழங்குன சாமானுக்குக் கொறை சொல்லாம வெலை பேச முடியுமாம்மா?"

திரைக்குப் பின்னாலிருந்த விரல்கள் நகர்ந்து போயின. விலை படிந்தது. தன் சாமர்த்தியத்துக்குச் சாட்சியாக அந்தக் கதையை நஜ்முன்னிசா வீட்டில் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

மஹ்ஜபீனுக்கு மட்டும் அவள் எங்கேயும் விசாரிக்கவில்லை. ஆசாரி மூக்கையாவிடம் மரம் எடுத்துக் கொடுத்துப் புதிதாகச் செய்யச் சொன்னாள். "நீதான் எல்லாருக்கும் வழி சொல்லுவியே, நமக்கு ஒண்ணு பாரேன்" என்று கேட்ட வீட்டுக்காரர் அப்துல் ஹக்கீமுக்கு, "நம்ம பிள்ளைக்கு அதெல்லாம் வேணாம்" என்பதோடு பேச்சை முடித்துவிட்டாள்.

"அக்கா, இருக்கீங்களா?" என்று ஒருக்களித்தபடி உள்ளே வந்தாள் முஹ்சினா. சட்டத்தின் மேல் உட்கார்ந்து, அடுப்படிப் பக்கம் கண்ணைக் காட்டி, "எப்படி இருக்கா?" என்று குரலைத் தாழ்த்தினாள்.

"இருக்கா."

"நம்ம சின்னவ ஃபர்ஹீனுக்குத் தேதி வச்சாச்சுக்கா. மாப்ள ரெட்டியார்சத்திரத்துல கடை வச்சிருக்காரு."

"அல்ஹம்துலில்லாஹ். நல்லா இருக்கட்டும்."

முஹ்சினா எழுந்து தலைமாட்டுப் பலகையை விரல் முட்டியால் தட்டினாள். நஜ்முன்னிசா கற்றுக்கொடுத்த தட்டு.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. கண்ணு முன்னால கெடந்தா பாக்க ஏலாதுன்னு நீங்கதான சொல்லுவீங்க. எவளுக்கோ போறது ஃபர்ஹீனுக்கே இருக்கட்டும்னு நெனச்சேன்."

"திரும்பி வந்ததுடி இது."

"அதுக்கென்ன? பெரியவ பேகம்பூர்க் கட்டில்லதான் படுக்குறா. ரெண்டு பிள்ள பெத்துட்டா. நீங்க புதுசாச் செஞ்சு மட்டும் என்னத்தக் கண்டீங்க?"

சொல்லிவிட்டு அவளே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் விரல் பலகையின் இடது ஓரத்துக்குப் போய் நின்றிருந்தது.

"இந்தாருங்க, தலை சாஞ்ச எடத்துல எண்ண ஏறிருக்கு. ஒரு பக்கம் மட்டுந்தான். பாலிசு போட்டாலும் போகாதேக்கா. பாத்துச் சொல்லுங்க."

அடுப்படியில் நறுக்குகிற சத்தம் நின்றது.

"அவ அத்தாட்ட கேட்டுச் சொல்றேன்" என்றாள் நஜ்முன்னிசா. கடையில் வாங்க மனமில்லாதபோது வீட்டுக்காரரைச் சாக்காக வைத்து அவள் சொல்கிற வார்த்தை அது. முஹ்சினாவுக்கும் அது தெரியும்.

"செத்த சீக்கிரம் சொல்லுங்க. இல்லாட்டி நான் அந்த மரத்தூளத்தான் வாங்கணும். வாரேன்க்கா."

அவள் போனதும் நஜ்முன்னிசா துணியில் மண்ணெண்ணெய் தொட்டு அந்தக் கறையைத் தேய்க்க ஆரம்பித்தாள். இத்தனைக்கும் அது உள்ளங்கை அகலம்தான். மஹ்ஜபீன் வந்து நின்றதை நிமிராமலே அறிந்து பேசினாள்.

"இது போயிரும். மூக்கையாட்ட சொல்லி மேல ஒரு கை பாலிசு அடிச்சா புதுசாயிரும். நாளைக்கு உனக்கு இன்னொரு எடம் அமைஞ்சா..."

"குடுத்துரும்மா."

"அவ பேசுன பேச்சுக்கா?"

"பேச்சுக்கில்ல. ஒருக்களிச்சு ஒருக்களிச்சு நடந்து எனக்கு இடுப்பு வலிக்குது."

நஜ்முன்னிசா தேய்த்துக்கொண்டே இருந்தாள். மஹ்ஜபீன் கையில் ஒட்டியிருந்த கொத்தவரங்காய் நாரைக் கிள்ளி எடுத்தாள்.

"அந்த பேகம்பூர்ப் பொண்ணு இருக்குல்லம்மா. அதுக்கு அப்பறம் கல்யாணம் ஆச்சா?"

துணி நின்றது. அந்தக் கட்டிலின் கால் கடைசல், சட்டத்தின் கனம், விலை எங்கே தொடங்கி எங்கே படிந்தது என்பதெல்லாம் நஜ்முன்னிசாவுக்கு ஞாபகம் இருந்தது. அந்தப் பெண்ணின் பெயரை அவள் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அந்தத் தெருப்பக்கம் போகிற வேலையும் அவளுக்கு இருக்கவில்லை.

மஹ்ஜபீன் பீரோவுக்கும் கால்மாட்டுக்கும் நடுவில் உடம்பை ஒருக்களித்து வெளியே போனாள்.