அண்ணன் கையெழுத்து

சென்ற வாரம் என் மருமகன் லாஸ்பேட்டைப் பக்கம் மனை பார்த்துவிட்டு வந்தார். வரைபடத்தை மேசைமேல் விரித்துச் சந்தோஷமாகக் காட்டினார். மாமனார் என்ற முறையில் நான் மனை கிழக்குப் பார்த்ததா, தண்ணீர் உப்புக் கரிக்குமா என்று கேட்டிருக்க வேண்டும். என் வாயில் வந்தது வேறு.

"விக்கிறவருக்குத் தங்கச்சி இருக்கா?"

மருமகன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். என் மனைவி பங்கஜம் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உங்களிடம் மறைப்பானேன். வீடு வாங்க அண்ணன் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்று நான் ஒரு காலத்தில் மனதார நம்பியவன். வீட்டோடு கிணறு வரும், கொல்லையில் முருங்கை வரும். தங்கை என்று ஒருத்தி இருந்தால் அவளும் அப்படித்தான். கொஞ்ச நாள் ஒரு மூலையில் இருப்பாள், பிறகு எங்காவது போய்விடுவாள். விழுப்புரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு அதற்கு மேல் சட்டம் தெரியாது.

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருஷம் புதுச்சேரியில் வேலை கிடைத்து, விழுப்புரத்திலிருந்து தினம் ரயிலில் வந்து போனேன். ஆபீஸ்களில் எல்லாம் பிரெஞ்சு படித்தவர்கள் இருந்தார்கள். ஆங்கிலத்தில் ஒரு கடுதாசி எழுத ஆள் இல்லை. எனக்கு அது சுமாராக வரும். அந்தச் சுமாருக்குத்தான் சம்பளம், அதுவும் சுமாரான சம்பளம். ஊர் எனக்குப் பிடித்துப்போனது. காலையில் சைக்கிளில் வரும் ரொட்டிக்காரரிடம் முழ நீளத்துக்கு ஒரு ரொட்டி வாங்கி, மாலை ரயிலில் கொண்டுபோய்ப் பங்கஜத்திடம் கொடுத்தேன். அவள் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதை இடிச்சுத் திங்கிறதா, நனைச்சுத் திங்கிறதா?" என்று கேட்டாள். நனைத்துத்தான் தின்றோம்.

அப்போதுதான் லூயி கிடைத்தார். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுத் திரும்பியவர். இங்கே இருப்புக்கொள்ளாமல் பிரான்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எந்த வெயிலிலும் தலையில் தொப்பி. சம்பாக் கோயில் என்கிற மாதா கோயிலுக்குப் பின்னால் இரண்டு கட்டு ஓட்டு வீடு, அப்பா விட்டுப்போனது. விலை எனக்கு எட்டும்படி இருந்தது. பின்கட்டில் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"அது என் தங்கச்சி தெரேஸ், மிசியே. கல்யாணம் பண்ணிக்கல. பிரெஞ்சு மதாம்மாருங்களுக்குக் கவுன் தைக்குது. நான் போயிட்டா அது கன்னியாஸ்திரீ மடத்துக்குப் போயிடும்."

நானும் தலையாட்டினேன். அந்த அம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பங்கஜத்தின் வளையல்களை அடகு வைத்து முன்பணம் கொடுத்தேன். விழுப்புரத்து வாடகை வீட்டைக் காலி செய்தேன். மறுநாளே அதில் வேறு குடும்பம் பால் காய்ச்சிவிட்டது. ஏழு மாத கர்ப்பிணியான பங்கஜம், ஒரு அம்மி, இரண்டு டிரங்குப் பெட்டிகள் என்று முன்கட்டில் வந்து இறங்கினோம். நிலைப்படியில் மஞ்சள் பூசும்போது எனக்குக் கழுத்து சற்று நிமிர்ந்திருந்தது என்று பங்கஜம் இன்றும் சொல்வாள். மூன்று நாள் நிமிர்ந்திருந்தது.

பத்திரம் எழுத நொத்தேரிடம் போனோம். அந்தக் காலத்தில் இங்கே பத்திரம் எழுதி, வாசித்துக் காட்டி, முத்திரை வைக்கும் பெரிய மனிதர் அவர்தான். நொத்தேர் மூக்குக்கண்ணாடி வழியாக எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு எங்களுக்குப் பின்னால் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார்.

"மத்முவாசேல் எங்க?"

"வீட்ல தச்சிக்கினு இருக்காங்க" என்றேன் நான், ரொம்ப உதவியாக.

அவர் பேனாவை மூடினார். "உங்க ஊர்ல பொண்ணுக்குப் பாத்திரம் பண்டம் குடுத்து அனுப்பிடுவீங்க. இவங்க குடும்பத்துக்குப் பிரெஞ்சு சட்டம். பாதி வீடு அந்தம்மாவுது. அவங்க வந்து சம்மதம் சொல்லாம நான் ஒரு வரி எழுத முடியாது."

லூயியைப் பார்த்தேன். அவர் தொப்பியைக் கழற்றி அதன் உட்புறத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். "பதறாதீங்க மிசியே. என் தங்கச்சி கிளி மாதிரி. நான் சொன்னா போட்டுடும்."

கிளி போடவில்லை. அண்ணன் பின்கட்டு வாசலில் நின்று "தெரேஸ்" என்று கூப்பிடும்போதெல்லாம் மிஷின் இன்னும் வேகமாக ஓடும், அவ்வளவுதான். முன்பணத்தைத் திருப்பிக் கேட்கலாமென்றால், அது ஏற்கெனவே கப்பல் டிக்கெட்டாகவும் ஒரு கம்பளிக் கோட்டாகவும் மாறியிருந்தது. கோட்டை எனக்குப் போட்டுக்கூடக் காட்டினார். அந்த மாதக் கடைசியில் கப்பல். ஏறிப் போய்விட்டால் மனிதரையும் பிடிக்க முடியாது, பணத்தையும் பிடிக்க முடியாது. வீடும் இல்லை, வளையலும் இல்லை, திரும்பிப் போக விழுப்புரமும் இல்லை. பிரசவத்துக்கு எந்தக் கூரைக்குக் கீழே பாய் விரிப்பது? ஆபீசில் உட்கார்ந்து ஒரே கடுதாசியை நாலு தடவை தட்டச்சு அடித்தேன். நாலிலும் தேதி தப்பு. பயம் வந்தால் சிலர் சாமி கும்பிடுவார்கள், சிலர் சண்டை போடுவார்கள். எனக்கு அசட்டுத்தனம் வரும்.

முதலில் ஆபீஸ் நண்பரிடம் நாலு வார்த்தை பிரெஞ்சு மனப்பாடம் செய்துகொண்டு பின்கட்டுக்குப் போனேன். "போன்ழூர் மத்முவாசேல்" என்று ஆரம்பித்து, மீதியையும் ஒப்பித்தேன். தெரேஸ் மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை.

"தமிழ்லயே கெஞ்சுங்க சார். எனக்கு நேரம் மிச்சமாவும்."

அடுத்து சம்பாக் கோயில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போனேன். நெற்றியில் திருநீற்றோடு, தெரேஸ் கண்ணில் படுகிற மாதிரி உட்கார்ந்தேன். எல்லோரும் செய்வதைப் பார்த்துச் செய்தேன், ஒரு கணம் தாமதமாக. மாலையில் பங்கஜத்திடம் நார்த்தங்காய் கொடுக்க வந்த தெரேஸ், "உங்க வூட்டுக்காரர் எந்திரிக்கிறப்ப ஊரே முட்டி போட்டிருந்துச்சும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். சிரிக்கக்கூட இல்லை.

கப்பலுக்கு ஒரு வாரம் இருந்தது. கடற்கரைக்குப் போய், இன்னும் வராத அந்தக் கப்பலைத் திட்டிவிட்டு வந்தேன். பங்கஜம் கால் வீங்கி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏங்க, இத்தினி நாளா கையெழுத்துப் போடுங்க, கையெழுத்துப் போடுங்கன்றீங்களே. அவங்களுக்கு இன்னா வேணும்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. போய்க் கேட்டேன். முதல்முறையாக மிஷின் நின்றது.

"வீடுதான் சார் வேணும். எங்கம்மா இந்த அறையிலதான் படுத்த படுக்கையா கிடந்து போனாங்க. அண்ணன் சைகோன்ல இருந்தாரு. மடத்துக்குப் போறேன்னு நான் யார்கிட்டயும் சொல்லல."

"எனக்கும் வீடு வேணுமேம்மா. மாசமா இருக்கிறவளைப் பாருங்க" என்றேன். குரல் உடைந்துவிட்டது. நடிப்பு இல்லை.

"பாத்துக்கினுதான் இருக்கேன். உங்களுக்கு வீடு வேணும், எனக்கு வீடு வேணும், அண்ணனுக்குக் கப்பல் வேணும். மூணு பேர்ல யாரோ ஒருத்தருக்கு இல்லன்னு ஆவணும்."

"யாருக்கு?"

"அதைத்தான் தச்சிக்கினே யோசிக்கிறேன்."

அந்த வாரம் நான் எப்படி இருந்தேன் என்று கேட்காதீர்கள். மிஷின் ஓடினால், யோசிக்கிறார் என்று பயம். நின்றால், முடிவு செய்துவிட்டார் என்று பயம்.

கப்பலுக்கு முந்தின நாள் அவரே நொத்தேர் ஆபீசுக்கு வந்தார். வெள்ளைப் புடவை, கையில் ஒரு துணிப்பை. காலி நாற்காலியில் உட்கார்ந்தார். நொத்தேர் பிரெஞ்சில் நீளமாக எதையோ வாசித்து, கடைசியில் அவரைப் பார்த்துக் கேள்வி மாதிரி ஒன்று சொன்னார்.

"நோன்" என்றார் தெரேஸ்.

நான் படித்திருந்த நாலு வார்த்தைகளில் அது இல்லை. ஆனாலும் புரிந்தது. நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"விக்க மாட்டேன். அண்ணன் பங்கை நான் வாங்கிக்கிறேன்."

லூயி சிரித்துவிட்டார். "உன்கிட்ட ஏது தெரேஸ்?"

தெரேஸ் துணிப்பையைத் திறந்து பணக் கட்டுகளை மேசைமேல் வைத்தார். "இத்தினி வருஷமா மிஷின் ஓடுற சத்தம் உனக்குக் கேக்கல இல்ல."

"அப்ப நானு?" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையதுதான்.

அந்த நொத்தேர் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது செருப்புக் கடை. பிரான்சுக்குப் போகும் கப்பல் நடுக்கடலில் நிற்க, அலையில் குதிக்கும் படகில் போய் ஏறும் வேடிக்கை இன்று இல்லை. அறுபத்திரண்டில் எல்லாம் முறைப்படி கைமாறியபோது, கவுன் தைத்துக்கொண்ட மதாம்மாரில் பலர் ஏற்கெனவே போய்விட்டிருந்தார்கள். லூயி அந்தக் கோட்டோடு போனவர்தான், திரும்பவில்லை. தெரேஸ் காலமான பிறகு வீடும் கைமாறி, இடிபட்டு, லாட்ஜ் ஆகிவிட்டது. ஓட்டுக் கூரையில் மழை விழும் சத்தமும், அதற்குக் கீழே மிஷின் சத்தமும் சேர்ந்து கேட்ட தெருவில், இப்போது எந்நேரமும் ஸ்கூட்டர்.

வீட்டை நான் வாங்கவில்லை. தெரேஸ் வாங்கினார். அண்ணனுக்குச் சேர வேண்டியதில் என் முன்பணத்தைக் கழித்து, அதே மேசையில் என்னிடம் கொடுத்தார், வளையலை மீட்டேன். முன்கட்டில் அவருக்கு வாடகை கொடுத்துக்கொண்டு இருந்தோம். எங்கள் மகள் அங்கேதான் பிறந்தாள். வாடகையை அவர் இரண்டு முறை ஏற்றினார்.