ஆறுச்சாமியின் ஆட்சேபணை

"இல்லீங்க, நான் ஒத்துக்க மாட்டேனுங்க" என்று சொல்லிக்கொண்டே ஆறுச்சாமி மத்தியானச் சோற்றுத் தூக்குப் போசியைத் திறக்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் ஷேக் பரீத் இன்னும் வாயைத் திறக்கவே இல்லை. அதனால் என்ன? நேற்று விட்ட வாதத்தை இன்று அப்படியே பிடித்துக்கொள்வது ஆறுச்சாமியின் வழக்கம். ஆசிரியர் அறையில் இருக்கும் மற்றவர்கள், நமக்கேன் வம்பு என்று, சோற்றை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விடுகிறார்கள்.

கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் தர்க்க சாஸ்திரம் சொல்லிக்கொடுக்கிறார் ஆறுச்சாமி. கழுத்து மூடிய கோட்டு, தலைப்பாகை, தோளில் துண்டு, நடந்தால் பத்து வீட்டுக்குக் கேட்கும் தோல் செருப்பு. மரியாதையில் மனிதர் தங்கம். ஒருவரை முட்டாள் என்று சொல்வதானாலும் "முட்டாளுங்க" என்றுதான் சொல்வார். அவர் முன்னால் "எல்லோரும் சொல்கிறார்களே" என்று மட்டும் வாய்தவறிச் சொல்லிவிடாதீர்கள். "எல்லாருமுன்னா எத்தனை பேருங்க? நீங்க எண்ணினீங்களா?" என்று ஆரம்பித்தால் பஸ் போய்விடும்.

பரீத்தோடு அவருக்கு நடக்கும் சண்டை அடுப்பைப் பற்றியது. பரீத் பொருளாதார ஆசிரியர். போன வருஷம் பீளமேட்டுப் பக்கம் மில் தொழிலாளர்கள் குடியிருக்கும் நூறு வீடுகளுக்கு நடையாய் நடந்து, "தினம் எத்தனை முறை அடுப்பு மூட்டுகிறீர்கள்?" என்று ஒரே கேள்வி கேட்டார். அறுபத்திரண்டு வீட்டில் ஒரே முறை. இவர்கள் அரை வயிற்றோடு மில்லுக்குப் போகிறார்கள் என்று கல்லூரிப் பத்திரிகையில் எழுதிவிட்டார்.

ஆறுச்சாமிக்கு வந்ததே கோபம்! "ஏனுங்க சார், எங்க ஊட்டுலயும் ஒரு நேரந்தான் அடுப்பெரியும். பொழுதோட கம்பஞ்சோறு ஆக்கிப்போட்டு, மிச்சத்தைக் காத்தால மோர் ஊத்திக் கரைச்சுக் குடிப்போம். இருபது ஏக்கரா தோட்டமுங்க எங்களுக்கு. நாங்க என்ன பட்டினியா கெடக்கறோம்?"

பரீத் டவுன்காரர், அரிசிச் சோறு தின்று வளர்ந்தவர். கம்பஞ்சோற்றுச் சங்கதி அவருக்குத் தெரியாது. இருந்தாலும் மசியவில்லை. "நீங்களே ஒரு நடை போய்ப் பார்த்துட்டு வாங்க சார்" என்றார். ஆறு மாதம் இப்படியே ஓடியது.

இதற்கிடையில் கல்லூரிக்கு நன்கொடை கொடுக்கும் மில்காரர்களுக்குக் கட்டுரை உறுத்தியது. பரீத்தை வெளியே தள்ள வேண்டும், அதற்கு ஒரு காரணம் வேண்டும். கல்லூரிச் செயலாளர் நஞ்சுண்டன் ஆறுச்சாமியின் மனைவிக்கு அண்ணன். தினம் மத்தியானம் பரீத்தோடு மல்லுக்கு நிற்கிற ஆளைவிடத் தோதான ஆள் யார் என்று கணக்குப் போட்டார். வாதத்தைப் பகை என்று நினைத்துவிட்டார், பாவம்.

"அந்தக் கட்டுரை தப்புன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துப்போடுங்க மாப்பிள்ளை. மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

"ஆகட்டுங்க மச்சான். பாத்துப்போட்டு எழுதறேனுங்க."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும் விடியாததுமாக, பரீத்தின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அறுபத்திரண்டு வீட்டுக்கும் ஆறுச்சாமி போனார். "அம்மணி, கோவிச்சுக்காதீங்க. சோத்துப் பானையைக் கொஞ்சம் காட்டறீங்களா?" பதினேழு வீட்டில் கம்பஞ்சோறு ஊறிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றைப் பார்த்தபோதும் அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மற்ற வீடுகளில் ஒன்றுமில்லை. ராசாத்தாள் என்ற பெண் பானையைக் கவிழ்த்தே காட்டினாள். "நல்லாப் பாத்துக்குங்க. நேத்து ராத்திரியே வழிச்சு நக்கியாச்சுங்க." ஆறுச்சாமிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

அறிக்கை எழுதினார். பதினேழு வீட்டில் பரீத் சொன்னது தவறு, நாற்பத்தைந்து வீட்டில் நான் சொன்னது தவறு, அடுத்த இதழில் திருத்தம் போட்டால் போதும்.

நஞ்சுண்டன் பதினேழை மட்டும் எடுத்துக்கொண்டார். பிழையாக எழுதிய பரீத் இனி வகுப்பு எடுக்கக்கூடாது, அடுத்த மாதம் கமிட்டி கூடி வேலையை விட்டு நீக்கும் என்று உத்தரவு வந்தது. ஆறுச்சாமி நேரே செயலாளர் அறைக்குப் போனார்.

"பதினேழு தப்புக்கு அவரை ஊட்டுக்கு அனுப்பினா, நாப்பத்தஞ்சு தப்புப் பண்ணுன என்னை எங்கீங்க மச்சான் அனுப்புவீங்க?"

"உங்களுக்கு எதுக்குங்க இந்தப் பொல்லாப்பு?" என்றார் நஞ்சுண்டன்.

வீட்டில் மனைவி செல்லாத்தாள் அழுதே விட்டாள். "தை மாசம் நம்ம புள்ளைக்குக் கல்யாணமுங்க. மாமன் சீரு வெக்க எங்கண்ணன் வரோணுமல்லோ?"

"வருவாரு அம்மணி. வராட்டியும் என்ன பண்றது? நான் எழுதுன காயிதத்தைக் காட்டி அந்த மனுசன் சோத்துல மண்ணைப் போடறாங்க. பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

மறுநாள் முதல் மணி தர்க்க வகுப்பு. ஆறுச்சாமி பரீத்தைக் கையைப் பிடித்து அழைத்து வந்து மேடையில் நிறுத்திச் சாக்கட்டியை நீட்டினார். "இந்த மணி என்னுதுங்க" என்றார் மாணவர்களைப் பார்த்து. "சார் தன்னோட கட்டுரையைச் சொல்லுவாரு. நான் ஆட்சேபணை சொல்லுவேன். ரெண்டையும் கேட்டு நீங்க முடிவு பண்ணுங்க." சொல்லிவிட்டு முன் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். கமிட்டி இன்னும் கூடவில்லை. தினமும் முதல் மணி இப்படித்தான் நடக்கிறது. பக்கத்து வகுப்புப் பையன்கள் ஜன்னலில் தொங்குகிறார்கள்.

நேற்று நஞ்சுண்டனே வந்து வாசலில் நின்றார். முகம் சிவந்திருந்தது. பரீத்தின் கை பலகையில் அப்படியே நின்றுவிட்டது. பையன்கள் சடசடவென்று எழுந்தார்கள். ஆறுச்சாமியும் எழுந்து கும்பிட்டார்.

"வாங்க மச்சான்" என்றார். பிறகு பரீத்திடம், "நீங்க நிறுத்தாதீங்க சார்" என்றார்.

உட்கார்ந்து, பெஞ்சில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டு நகர்ந்து, காலியான இடத்தைத் தோள் துண்டால் துடைத்துவிட்டார்.