வாசலில் நின்று தடுத்தவர்

மீசையின் வலது பக்கத்துக்கு மட்டும் சாயம் பூசி முடித்திருந்தபோது செய்தி வந்தது. அரை மீசையைத் துண்டால் மறைத்துக்கொண்டு ஆட்டோவை எடுத்தேன். நான் அழுகையை அடக்குகிறேன் என்று துக்க வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் அது உண்மையாகவே ஆகிவிட்டது.

போனவர் ஞானசிகாமணி அண்ணன். ஆரணியில் எங்கள் சபைக்குப் பல ஆண்டுகள் செயலாளர். பட்டு ஜவுளிக் கடையில் கணக்கர். ஞாயிற்றுக்கிழமை மணி அடித்த பிறகு வருகிறவர்களை வாசலில் நின்று தடுத்து, கைக்கடிகாரத்தைக் காட்டுவார்.

"தாவீது, ஆண்டவர் உனக்கு ஆட்டோ குடுத்தாரு. நேரத்துக்கு வர்ற புத்திய குடுக்கல."

"நீங்களே கேட்டு வாங்கிக் குடுங்கண்ணா. செயலாளர் சொன்னா கேப்பாரு."

சிரிப்பு வந்தால் மூக்கைச் சொறிவார். அதுதான் அவர் சிரிப்பு.

தொண்ணூறுகளில் கொத்தனார் யோபு, தேவிகாபுரம் சாலையில் ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு ஓலைக் கொட்டகை போட்டு ஜெபம் நடத்த ஆரம்பித்தார். கைதட்டிப் பாடுவார்கள். காய்ச்சல்காரர்கள், பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்கள் என்று பலரும் போனார்கள். எங்கள் பெஞ்சுகள் காலியாகத் தொடங்கின. அங்கே போகிறவர்களுக்கு நம் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று கமிட்டியில் தீர்மானம் போட வைத்தவர் அண்ணன்தான். யோபுவிடம் அதைச் சொல்லி எச்சரிக்க என் ஆட்டோவில்தான் போனார்.

"நீ எங்க சபை இல்ல, எந்த சபையும் இல்ல. எங்க ஆண்டவர் பேர சொல்லிகினு கட போடாத" என்றார்.

யோபு கையிலிருந்த சிமெண்டைத் துடைத்துக்கொண்டே, "சரிங்க அய்யா. உங்க சபைக்காகவும் ஜெபம் பண்ணிகினுதாங்க இருக்கேன்" என்றார்.

திரும்பும் வழியில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஏண்ணா, ஆண்டவரு பேர நம்ம ரேஷன் கார்டுலதான் சேத்திருக்கோமா?"

"ரோட்ட பாத்து ஓட்டுடா" என்றார். மூக்கைச் சொறியவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் அண்ணனுடைய ஒரே மகள் மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். அவர் மனைவி கிரேஸ் அண்ணி சோறும் பேச்சும் விட்டார். வேலூரில் காட்டி மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். ஒரு நாள், "ஏரி என்ன கூப்டுதுங்க" என்று மட்டும் அண்ணனிடம் சொன்னாராம். அன்றிலிருந்து அவர் கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதியதெல்லாம் உடம்பு மட்டும்தான். வீட்டில் ஒரு பாத்திரம் உருண்டால்கூட எழுந்து ஓடுவார்.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் அண்ணியைக் காணவில்லை. அண்ணன் செருப்புக்கூடப் போடாமல் என் ஆட்டோவில் ஏறினார். "ஏரிக்குப் போடா. ஜல்தி" என்றார். குரல் அவருடையதாக இல்லை.

கரை ஓரத்தில் அண்ணியின் செருப்பு ஜோடியாகக் கிடந்தது.

நான் தண்ணீரைப் பார்த்தேன். அண்ணன் பார்க்கவில்லை. ஈர மண்ணில் அப்படியே உட்கார்ந்து, அந்தச் செருப்பை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். வாயைத் திறந்தார், ஜெபம் வரவில்லை. அவ்வளவு பயத்தை ஒரு மனிதர் முகத்தில் அதற்கு முன்னும் நான் பார்த்ததில்லை, பின்னும் இல்லை.

அப்போதுதான் அந்தக் கைதட்டல் கேட்டது. கால்வாய்க்கு அந்தப் பக்கம், கொட்டகையில். மழை பெய்தால் கால்வாய் முழங்காலளவு ஓடும். ஊர்ப் பக்கமிருந்து போகிறவர்கள் செருப்பைக் கரையில் விட்டுத்தான் இறங்க வேண்டும். அது எங்கள் இருவருக்கும் தெரியும். பயத்தில் மறந்துபோயிருந்தது.

அண்ணன் செருப்பை மார்போடு அணைத்தபடி தண்ணீரில் இறங்கினார். கொட்டகையில் எல்லோரும் பாடிக்கொண்டிருக்க, ஓர் ஓரத்தில் யோபுவின் மனைவி அண்ணிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். அண்ணியின் கையில் பாதி தின்ற இட்லி. அண்ணனுக்கு உள்ளே கால் வைக்கப் பயம். தீர்மானம் போட்டவர் அல்லவா.

யோபு வெளியே வந்து ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். "அம்மா ஒரு மாசமா வர்றாங்க அய்யா. உங்களுக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும்னு பயந்துகினு இருந்தாங்க. மாத்திரைய நிறுத்தக் கூடாதுன்னு சொல்லிதான் அனுப்புவோம்."

அண்ணன் சொம்பை வாங்கி முழுவதும் குடித்தார்.

அந்த ஞாயிறு வேதபாடம் வாசிக்க எழுந்தவர், தாமே ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்திருந்தார். இயேசுவின் பேரால் ஒருவன் பேய் விரட்டுவதைப் பார்த்த சீடர், அவன் நம் கூட்டத்தான் அல்ல, அதனால் தடுத்தோம் என்று சொல்கிற இடம். தடுக்காதீர்கள், நமக்கு எதிராக இல்லாதவன் நம்மைச் சேர்ந்தவன்தான் என்று இயேசு சொல்கிறார். அடுத்த வசனத்தில், ஒரு கிண்ணம் தண்ணீர் கொடுக்கிறவனும் தன் பலனை இழக்கமாட்டான் என்று வருகிறது. அங்கே வந்ததும் அண்ணன் நிறுத்திவிட்டார்.

"இத்தினி வருஷமா இத வாசிச்சேன். தடுத்தவன் யாரோன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார். "என் சம்சாரம் அங்க போறா. கல்லறையில அவளுக்கு எடம் இல்லன்னா எனக்கும் வேணாம்."

இவரையே நீக்கிவிடுவார்களோ என்று நான் பயந்தேன். நீக்கவில்லை. அந்தத் தீர்மானத்தைப் பற்றி அப்புறம் யாரும் வாய் திறக்கவுமில்லை.

பின்னொரு நாள் ஆட்டோவில் என்னிடம் சொன்னார்: "சபை காலியாயிடுமோன்னு பயம்டா எனக்கு. பக்தின்னு பேர் வச்சிகினு இருந்தேன். தடுக்கிறவன் எல்லாம் பயந்தவன்டா."

"அப்ப வாசல்ல நின்னு என்னத் தடுக்கிறீங்களே, என்னப் பாத்தும் பயமா?"

மூக்கைச் சொறிந்தார்.

தமக்குக் கல்லறைக் குழியை யோபுதான் கட்ட வேண்டும், கடைசி ஜெபமும் அவர்தான் செய்ய வேண்டும் என்று அண்ணன் சொல்லி வைத்திருந்தார். இப்போதைய செயலாளர் கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றார். நரைத்த தலையோடு யோபு கொத்துக் கரணையைப் பிடித்தபடி வந்தபோது, செயலாளர் தடுத்துவிடுவாரோ என்று பார்த்தேன். அவர் வழியை விட்டு ஒதுங்கிக்கொண்டார். ஆயர் ஆராதனையை முடித்துவிட்டு யோபுவைப் பார்த்துத் தலையசைத்தார். யோபு கண்ணை மூடி, கைதட்டி, உரக்க ஜெபித்தார். கிரேஸ் அண்ணி நிமிர்ந்து நின்று ஆமென் சொன்னார். எங்கள் ஆட்களும் சொன்னார்கள்.

போய் இளைப்பாறுங்கள் அண்ணா. அங்கே வாசலில் நின்றால், தாமதமாக வருகிற என்னை உள்ளே விடுங்கள்.

அந்த ஜெபத்தின் நடுவில் பிடி மண் போடக் குனிந்தபோது, என் இடது கால் செருப்பு கழன்று குழிக்குள் விழுந்தது. ஜெபத்தைத் தடுக்க எனக்கு மனமில்லை. யோபு ஆமென் சொல்லி முடிப்பதற்குள் மண் மூடிவிட்டது. வலது கால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, மீசையின் மறு பக்கத்துக்குச் சாயம் பூசினேன்.