காற்று பார்த்துக் குறித்த நாள்

மகளுக்குக் கல்யாண நாள் குறிக்கும்போது பெற்றவர்கள் என்னென்னவோ பார்ப்பார்கள். மண்டபம் கிடைக்குமா, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்குமா, வெளியூர்ச் சித்தப்பாவுக்கு ரயிலில் இடம் கிடைக்குமா என்று. இவர் காற்று பார்த்தார்.

மாநில வனத்துறையில் இவர் திட்டக் கண்காணிப்பாளர். அரசுக் காட்டில் எந்த வேலை நடந்தாலும், அது நெருங்கி வளர்ந்த மரங்களைக் கழிப்பதோ, கன்று நடுவதோ, ஓடைக் கரையைக் கட்டுவதோ, ஒப்பந்தக்காரர் அதை ஒழுங்காகச் செய்கிறாரா என்று பின்னாலேயே நின்று பார்ப்பது அவருடைய உத்தியோகம். குழி ஆழம் குறைந்திருந்தால் தானே மண்வெட்டியை வாங்கித் தோண்டிக் காட்டுவார். ஒப்பந்தக்காரர்கள் அவரைக் கண்டால் முணுமுணுப்பார்கள், ஆனால் மரியாதையாக முணுமுணுப்பார்கள். மொத்தத்தில் நல்ல மனிதர்தான். தீ வேலை என்று வந்தால் மட்டும் அவரோடு குப்பை கொட்டுவது கஷ்டம்.

தீ வேலை என்பது இதுதான். கோடையில் காடு தானாகப் பற்றிக்கொண்டால் மரம், வீடு, மாடு எதையும் விடாது. அதனால் குளிர் விடுகிற பருவத்திலேயே, தரையில் கிடக்கும் சருகை மட்டும் துறையே அளவோடு கொளுத்திவிடும். சுற்றிலும் மண் தெரியும்படி செதுக்கித் தடுப்புக் கோடு போட்டு, தண்ணீர் வண்டியை நிறுத்தி, மேலிருந்து கீழாக, காற்றுக்கு எதிர்முகமாக, தீயை நடைபழக விடுவார்கள். அதற்குக் காற்று மெல்லிசாக, சரியான திசையிலிருந்து வர வேண்டும். சருகில் ஈரம் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. எல்லாம் கூடி வந்ததும் பொறுப்பில் இருப்பவர் ‘கொளுத்து’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அது வரும்வரை யாரும் நெருப்பைத் தொடக்கூடாது.

அந்த வார்த்தையை இவர் பூட்டி வைத்துச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய துணை அதிகாரியான பெண்மணியும் அதற்கான பரீட்சையெல்லாம் எழுதித் தேறி, உரிமம் வாங்கி, தலையில் இரண்டு நரையும் வாங்கிவிட்டார். ஆனாலும் இவர் இருக்கும்போது அவர் வாயைத் திறக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. இவர் இல்லாமல் இருந்ததும் இல்லை.

இவருக்கு ஆபீசில் ‘நாளைக்கு சார்’ என்று பெயர். ஆட்கள் வந்து, வண்டி வந்து, எல்லாரும் மலைமேல் நிற்கும்போது, இவர் ஒரு குச்சியை எடுத்துக் காதோரம் வைத்து ஒடிப்பார். ஒரு கை சருகை அள்ளிக் கசக்குவார். விரலை எச்சிலில் நனைத்துத் தூக்கிப் பிடிப்பார். பிறகு நீளமாக மூச்சு விட்டு, “நாளைக்குப் பாப்போம்” என்பார். குடியிருப்புக்கு நேர் மேலே இருக்கிற சரிவை இப்படியே இரண்டு வருஷம் தள்ளிப் போட்டுவிட்டார். ஒரு முறை ஈரம் ஒரு பிசிறு குறைவு. ஒரு முறை தண்ணீர்க் குழாயில் கசிவு. இன்னொரு முறை எல்லாமே சரியாக இருந்தது. அதுதான் அவருக்குச் சந்தேகத்தையே கிளப்பியது.

வீட்டிலும் அதே மனிதர்தான். காய் வாங்கப் போன இடத்தில் விரலைத் தூக்கிப் பிடிப்பார். “எங்க கல்யாண போட்டோவைப் பாருங்க. எல்லாரும் கேமராவைப் பாக்கறாங்க, இவர் மரத்து உச்சியப் பாக்கறார்” என்று அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுவார். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிற அந்த அம்மாள் யாரையும் கடிந்து பேச மாட்டார். ஊசி போடுகிற மாதிரி மெல்லப் பேசுவார், உள்ளே இறங்கிவிடும்.

தீ வேலைக்கான பருவமும் பள்ளிக்கூட ஆண்டு விழாவும் ஒரே சமயத்தில் வந்து தொலைப்பது யார் செய்த ஏற்பாடோ தெரியவில்லை. மகள் ஓட்டப் பந்தயத்தில் ஜெயித்தபோது இவர் மலையில் இருந்தார். மேடையில் பேசிப் பரிசு வாங்கியபோதும் மலையில்தான். பட்டம் வாங்கிய அன்று வந்தார், ஆனால் பாதியில் போன் வந்து எழுந்து போய்விட்டார். அந்தப் படத்தில் அவருடைய நாற்காலியில் யாரோ ஒரு பையை வைத்திருக்கிறார்கள்.

கல்யாணப் பேச்சு முடிவானபோது மகள் நகை கேட்கவில்லை, புடவை கேட்கவில்லை. “நீங்க வரணும்ப்பா. கடைசி வரைக்கும் இருக்கணும். வேற எதுவும் வேண்டாம் எனக்கு” என்றாள்.

அவர் உடனே தலையாட்டினார். சத்தியமாக இருப்பேன் என்றார். சொன்னதைத் தனக்குத் தெரிந்த வழியில்தானே காப்பாற்ற முடியும்? துறையின் பழைய வானிலைக் கணக்குகளையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்து, சாப்பாட்டு மேஜையில் பரப்பி, கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பார்த்தார். வருஷா வருஷம் ஒரு குறிப்பிட்ட வாரத்தில் மேற்குக் காற்று பேய்த்தனமாக அடிக்கிறது. அந்த வாரத்தில் தலைகீழாக நின்றாலும் யாராலும் தீ வைக்க முடியாது. மகளுடைய கல்யாணத்தை அவர் அந்த வாரத்தின் நட்டநடுவில் வைத்தார். அந்தத் தேதியை எப்படிப் பிடித்தீர்கள் என்று சம்பந்தி கேட்டபோது, “அவர் ஆபீஸ்ல பாத்துச் சொன்னாங்க” என்று மனைவி மழுப்பிவிட்டார்.

சொன்னது போலவே அந்த வாரம் காற்று ஆடித் தீர்த்தது. மண்டப வாசலில் கட்டிய துணி கிழிந்து பறந்தது. அலங்காரக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஊரிலேயே அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் பெண்ணின் அப்பாதான்.

கல்யாணத்தன்று விடிந்தபோது ஒரு சத்தமும் இல்லை. அவருக்கு அந்த அமைதியில்தான் விழிப்பு வந்தது. பால்கனிக்குப் போய் விரலை நனைத்துத் தூக்கினார். கிழக்கிலிருந்து, மெல்லிசாக, சொல்லி வைத்துச் செய்த மாதிரி ஒரு காற்று. தீ வைக்க இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

யாரிடமும் மூச்சு விடவில்லை. புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வருகிறவர்களைப் பார்த்துச் சிரித்தார். “என்னங்க, பல் வலியா?” என்று மனைவி கேட்டார். அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. துணை அதிகாரி. அவர் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டார்.

“சார், வாழ்த்துகள் சார். காத்து வந்திருக்கு.”

“தெரியும். நீங்க எங்க இருக்கீங்க?”

“சரிவுலதான் சார். சும்மா பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“யார் யார் வந்திருக்கீங்க?”

“எல்லாரும் வந்திருக்கோம் சார். தண்ணி வண்டியும் வந்திருக்கு. கீழ வீடுங்களுக்குப் போன் பண்ணி, காயப் போட்ட துணிய எடுத்து வைக்கச் சொல்லியாச்சு.”

சும்மா பார்க்கப் போகிறவர்கள் துணியை எடுக்கச் சொல்வதில்லை. அவர் ஈரத்தைக் கேட்டார், சரியாக இருந்தது. தடுப்புக் கோட்டைக் கேட்டார், முந்தின நாளே மறுபடி செதுக்கியிருந்தார்கள். குழாயைக் கேட்டார், புதுக் குழாய். கேட்பதற்கு வேறொன்றும் கிடைக்காமல் ஒரு நிமிஷம் தவித்துப் போனார்.

“அப்ப கொளுத்தவா சார்?”

“இருங்க, இருங்க. நான் வந்துடறேன். ஒரு ஓட்டம் வந்து பாத்துட்டு, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போடற நேரத்துக்குத் திரும்பிடுவேன்.”

இத்தனை வருஷத்தில் துணை அதிகாரி அவரை எதிர்த்து ஒரு சொல் சொன்னதில்லை.

“கோவிச்சுக்காதீங்க சார். நீங்க வந்தா இன்னைக்கும் நடக்காது.”

“என்ன சொல்றீங்க?”

“போன வருஷமும் சரியாத்தான் சார் இருந்துச்சு. அதுக்கு முந்தின வருஷமும் அப்படித்தான். நீங்க வந்தீங்க, நாளைக்குன்னீங்க. கீழ குழந்தைங்க இருக்கற இடம் சார். கோடையில அதுவா பத்திக்கிச்சுன்னா நம்மகிட்ட கேட்டுட்டுப் பத்தாது.”

அவருக்கு முதலில் சுறுசுறுவென்று கோபம்தான் வந்தது. எனக்கே பாடம் எடுக்கிறாயா என்று கேட்க வாயைத் திறந்தார். பிறகு அங்கிருந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு, புது வேட்டியோடு அதன்மேல் உட்கார்ந்தார். தான் இல்லாவிட்டால் தீ கட்டுக்கு அடங்காது என்று இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்த மனிதர் அவர். தன்னால்தான் அந்தச் சரிவில் தீயே வைக்கப்படவில்லை என்பது அவருக்கு உறைக்க, கடைசியில் ஒரு குளியலறை வேண்டியிருந்தது. அவமானமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. அந்த அம்மாள் சொன்னது நிஜம் என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

மனைவி கதவைத் தட்டினார். “உள்ள குடித்தனமே ஆரம்பிச்சுட்டீங்களா? பொண்ணு வண்டியில ஏறியாச்சு.”

“கொளுத்துங்க” என்றார் அவர் போனில். அவர் குரலே அவருக்குப் புதிதாக இருந்தது. “மேல் மூலையில முதல்ல ஒரு சின்ன இடத்துல வச்சுப் பாருங்க. ரெண்டு பேரைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்க வைங்க. அப்புறம் அந்தப் பாறைகிட்ட…”

“சரி சார். வச்சுடறேன் சார்” என்று அந்த அம்மாள் வைத்துவிட்டார். தீயையா போனையா என்று அவர் யோசிப்பதற்குள் மனைவி மறுபடி தட்டினார்.

பதிவாளர் அலுவலகம் பழைய கட்டடம். மின்விசிறி சுற்றும்போதெல்லாம் மேஜைமேல் இருந்த காகிதங்கள் எழுந்து உட்கார்ந்தன. பதிவாளர் அவற்றின்மேல் ஒரு ஸ்டேப்ளர், ஒரு கண்ணாடிக் கூடு, தன் முழங்கை என்று எதை எதையோ வைத்துப் பார்த்தார். அறையில் ஒரே ஒரு ஜன்னல், அது மலையைப் பார்த்து இருந்தது. பெண்ணின் அப்பா வேண்டுமென்றே அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். உட்கார்ந்தது முதுகுதான், கழுத்து உட்காரவில்லை. அது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும்போதெல்லாம் மனைவி அவர் முழங்காலை அழுத்திக்கொண்டிருந்தார். எதிரே மாப்பிள்ளையின் பக்கத்தில் மகள் உட்கார்ந்திருந்தாள். பதிவாளர் சட்டம் எதையோ வாசிக்கத் தொடங்கினார்.

இப்போது சின்ன இடத்தில் வைத்துப் பார்த்திருப்பார்கள் என்று அவர் கணக்குப் போட்டார். இப்போது மேல் ஓரம் முழுக்கப் பிடித்திருக்கும். காற்று மாறியிருந்தால்? அவர் நெற்றியில் வியர்த்தது. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் போனார்.

“திரும்பாதீங்கப்பா” என்றாள் மகள் மெல்ல. “நான் பாத்துச் சொல்றேன்.”

அவர் மறுபடி உட்கார்ந்தார்.

அவள் அவருடைய தோளுக்கு மேலாக ஜன்னலைப் பார்த்தாள். “புகை வெள்ளையாத்தான் வருது. அடியில கொஞ்சம் பழுப்பு, அது சருகுதான். நேரா ஏறி, மேல போய்த்தான் சாயுது. தீ மெதுவா இறங்கிட்டு இருக்குப்பா. கறுப்பு எங்கயும் இல்ல.”

அவர் ஒரு நாளும் அவளுக்கு இதையெல்லாம் சொல்லித் தந்ததில்லை. “உனக்கு எப்படிம்மா தெரியும்?”

“நீங்க மலைக்குப் போன அன்னைக்கெல்லாம் மாடி ஜன்னல்ல நின்னு பாத்துட்டே இருப்பேனேப்பா. வெள்ளையா இருந்தா ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவீங்க. கறுப்பா வந்துச்சுன்னா அம்மா வந்து திரைய இழுத்துவிட்டுட்டு, போய்ப் படின்னுவாங்க.” கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். “பரிசு வாங்கின அன்னைக்குக்கூட மேடையில இருந்து அதைத்தான் பாத்துட்டு இருந்தேன்.”

மனைவி கைப்பையின் கொக்கியைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்தார். அவர் தன் மனைவியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். புகையைப் பற்றித் தெரிய வேண்டியது அத்தனையும் தனக்குத் தெரியும் என்றிருந்தார். அதை மறுபக்கத்திலிருந்து இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நின்றது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. கண் நிறைந்து வழிந்தது. புகை என்று சொல்லிச் சமாளிக்கவும் வழியில்லை, அது எங்கேயோ மலையில் இருந்தது.

“பொண்ணோட அப்பா யாருங்க? சாட்சிக் கையெழுத்து இங்க” என்றார் பதிவாளர். அவர் போய்க் கையெழுத்துப் போட்டார். எழுத்து கோட்டைத் தாண்டிப் போயிற்று. ஆபீசில் வேறு யாராவது அப்படிப் போட்டிருந்தால் இவரே திருப்பி அனுப்பியிருப்பார்.

அப்புறம் எல்லாரும் மண்டபத்துக்குப் போனார்கள். அங்கேயும் மலையைப் பார்த்த மாதிரி பெரிய ஜன்னல்கள் வரிசையாக இருந்தன. அவர் கடைசிப் பந்தி எழுந்திருக்கும்வரை மண்டபத்திலேயே இருந்தார். நடுநடுவே மகள் நிற்கிற இடத்துக்குப் போய், “இப்ப எப்படிம்மா இருக்கு?” என்று கேட்பார். அவள் வந்தவர்களோடு பேசிக்கொண்டே எட்டிப் பார்த்து, “வெள்ளைதான்ப்பா” என்பாள். அவர் தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். அன்று முழுக்க அவள் சொன்னதை ஒரு தடவைகூட அவர் சரிபார்க்கவில்லை.