மெர்சி அக்காவும் உப்பில்லாத அலையும்

செய்தி வந்தபோது நான் பதுளை வீதியில், லுணுகலைக்குக் கிட்ட, மலை தொடங்கும் இடத்தில் இருந்தேன். பஸ் நிறைய ஆரையம்பதிப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியைகள். போனில் றபீக் நானா. நமது சுற்றுலாப் பயணங்களின் முதல் பஸ்ஸை ஓட்டிய காத்தான்குடிக்காரர். முழங்கால் வலியால் ஓட்டத்தை விட்டுவிட்டார், ஆனால் பஸ் எங்கே நிற்கிறது என்று தினமும் கேட்காமல் விடமாட்டார்.

"புள்ள, மெர்சி போயிட்டா" என்றார். "விடிய தேத்தண்ணி குடிச்சிற்று கதிரையில இருந்தாவாம். அப்படியே சரிஞ்சிட்டா."

பிறகு அவரே தொடர்ந்தார்.

"பஸ்ஸ நிப்பாட்டிராத. நிப்பாட்டினா அவ எழும்பி வந்து நம்ம ரெண்டு பேருக்கும் ஏசுவா."

சரியாகத்தான் சொன்னார். முதல் தேயிலைச் செடி தெரியும் அந்த வளைவில் மெர்சி அக்கா வழக்கமாக என்ன செய்வார் என்று இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களுக்குத் தெரியும். எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, தேவாலயத்தில் கடைசி வாங்கில் இருப்பவருக்கும் கேட்கும் குரலில் கத்துவார். நானும் எழுந்து நின்று கத்தினேன்.

"இடம் மாறுங்க!"

ஆசிரியைகள் முணுமுணுத்தபடி எழுந்தார்கள். சன்னலோரம் இருந்தவர்கள் உள்ளுக்கும், உள்ளே இருந்தவர்கள் சன்னலுக்கும் மாறினார்கள். "நல்ல இடத்தில இருந்தன், எழுப்பிப்போட்டியே" என்று ஒருவர் குறை சொன்னார். அதற்கும் மெர்சி அக்கா வழக்கமாகச் சொல்லும் பதிலையே சொன்னேன்: "சன்னல் ஆருக்கும் சீதனமா வரல்ல டீச்சர்."

உங்களில் அநேகம் பேர் அந்த பஸ்ஸில் வந்தவர்கள். வராதவர்களுக்காக மட்டும் சொல்கிறேன். மெர்சி அக்கா டச்பார் கடற்கரையில் பிறந்த, போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கிப் பெண். வீட்டில் போர்த்துக்கீசு, தெருவில் தமிழ், கந்தோரில் ஆங்கிலம், சந்தையில் சிங்களம். நான்கிலும் ஒரே வேகத்தில் சிரிப்பார். சுனாமி அவருடைய வீட்டையும் ஒரே தங்கை ரோசியையும் கொண்டுபோனது. அதற்குப் பிறகு நிவாரணக் கந்தோர் ஒன்றில் அவர் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்தார். நான் பல்கலைக்கழகம் முடித்து அதே கந்தோருக்கு வந்த வெளிக்கள உத்தியோகத்தர். எங்கள் இருவருக்கும் ஒரே மேசை. முதல் நாளே அவர் தன் கதிரையைத் திருப்பிப் போட்டார், முதுகு கடல் பக்கம் இருக்கும்படி. கல்லடியில் எங்கே போனாலும் கடல் பக்கம் கிறுகமாட்டார், முகம் திருப்பமாட்டார். கடற்கரையில் கூட்டம் என்றால் அவர் வாகனத்துக்குள்ளேயே இருந்து, குனிந்து, குறிப்பெடுப்பார். கலியாண வீடுகளில் முந்தி மாதிரியே ஆடினார், பாடினார். கடலை மட்டும் பார்க்கவில்லை. அதை அவர் மறைக்கவுமில்லை. கேட்டவர்களிடமெல்லாம், "நானும் அதுவும் கதைக்கிறதில்ல" என்பார்.

போர் முடிந்து பாதைகள் திறந்த காலத்தில் ஒரு நாள், கந்தோரில் மத்தியானச் சாப்பாட்டின்போது, பதுளைப் பக்கமிருந்து வந்த ஒரு உத்தியோகத்தர் தன் ஊரைப் புகழ்ந்துகொண்டிருந்தார். அப்புத்தளைக்கு மேலே ஒரு மலை முனை இருக்கிறதாம். வானம் தெளிந்த காலையில் அங்கே நின்றால், அடுக்கடுக்கான மலைகளுக்கு அப்பால், தெற்கே கடல் தெரியுமாம்.

மெர்சி அக்கா சோற்றுக் கையை அப்படியே வைத்துக்கொண்டு கேட்டார்: "எவ்வளவு தூரத்தில?"

"கனதூரம் மிஸ். ஒரு கோடு மாதிரித்தான்."

"அங்க அது ஏறி வராதுதானே?"

உத்தியோகத்தர் சிரித்தார். மெர்சி அக்கா சிரிக்கவில்லை. அந்த உத்தியோகத்தர் போன பிறகு அக்கா என்னிடம் சொன்னார்: "புள்ள, எனக்கு அத ஒருக்காப் பாக்கணும். அது என்னப் பிடிக்க ஏலாத இடத்தில நிண்டு பாக்கணும். இப்பிடியே முதுகக் காட்டிக்கொண்டு கிழவியாக ஏலாது."

"போவம் அக்கா. நாளைக்கே போவம்."

"தனியப் போனா பாதி வழியில திரும்பிருவன். ஒரு பஸ் ஆக்களோட போவம். அவ்வளவு பேருக்கு முன்னால திரும்ப வெக்கமா இருக்கும்."

நமது பயணங்கள் தொடங்கிய கதை இவ்வளவுதான். பிறகு அதற்கு ஒரு பெயர்ப்பலகை வந்தது, அறிவித்தல் வந்தது, தெற்கிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஆனால் முதல் பஸ் ஓடியது ஒரு பெண் கடலைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. அதுவும் கடலோரத்தில் குடியிருந்தவர்களை ஏற்றிக்கொண்டு, கடலைப் பார்க்க மலைக்கு!

சுனாமி வீட்டுத்திட்டத்துப் பெண்கள்தான் பயணிகள். மலையைப் படத்தில் தவிர வேறெங்கும் கண்டிராதவர்கள். பாக்கியம் மாமியை உங்களுக்குத் தெரியும். மண்டூரில் பிறந்து கடற்கரைக்கு வாழ்க்கைப்பட்டவர். அவர் ஏறும்போது தயிர்ச் சட்டிகள், கருவாட்டுப் பொதி, ஒரு சாக்கு அரிசி எல்லாம் சேர்ந்து ஏறின.

றபீக் நானா கண்ணாடியில் பார்த்துக் கேட்டார்: "மாமி, மலை பாக்கப் போறமா, குடிபோறமா?"

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு மனே. அங்க என்ன கிடைக்குமோ ஆருக்குத் தெரியும். பசிச்சா மறுகா நீயும் என்னட்டத்தான் வருவாய்."

பிபிலையில் அவர் மாமியின் தயிர்ச் சட்டியோடு சாரதி இருக்கையில் இருந்ததை எல்லோரும் கண்டோம்.

செங்கலடி தாண்டி, கரடியனாறு தாண்டி, இரண்டு பக்கமும் நெல் வட்டை பச்சையாக விரிந்து கிடந்தது. அந்தப் பாதையில் அவ்வளவு தூரம் எங்களில் யாருமே வருஷக்கணக்காகப் போனதில்லை. ஒவ்வொரு ஊர்ப்பலகையையும் சத்தமாக வாசித்தோம். பிபிலைக்குப் பிறகு பஸ் முக்கி முக்கி ஏறியது. ஒரு வளைவில் வலது பக்கம் பள்ளத்தாக்கு திறந்தது. "அய்யோ, மேகம் நிலத்தில கிடக்குதுகா!" என்று யாரோ கத்த, பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் எழும்பி வலது பக்கச் சன்னல்களில் தொங்கினார்கள். பஸ் சரிந்தது.

"உம்மாடி! இருங்க! எல்லாரும் இருங்க! கவிழப் போகுது!" என்று றபீக் நானா அலறினார்.

அப்போதுதான் மெர்சி அக்கா முதல் தடவையாக அந்தக் கட்டளையைப் போட்டார். பாதிப் பேர் இங்கே, பாதிப் பேர் அங்கே, அடுத்த வளைவில் இடம் மாறுங்க. அன்றிலிருந்து அது சட்டமாயிற்று.

துன்ஹிந்த நீர்வீழ்ச்சியில் நடந்ததை அவர் சாகும்வரை சொல்லிச் சிரித்தார். நுழைவுச்சீட்டு விற்கும் இடத்தில் பாதைக்குக் குறுக்கே ஒரு கம்பம் போட்டிருந்தது. பஸ் நின்றது. யாரும் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் இறங்கினோம். பைகளைத் திறந்து பிடித்தோம். ஆளடையாள அட்டையைக் கையில் எடுத்தோம். ஒருவர் பின் ஒருவராக வரிசையில் நின்றோம். றபீக் நானா தனியாக, ஆண்கள் வரிசையில், ஒற்றை ஆளாக நின்றார். சீட்டுக்காரர், வயதான சிங்கள மனிதர், கூட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துத் திகைத்துப்போனார். மெர்சி அக்காவிடம் ஏதோ கேட்டார்.

மெர்சி அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். "என்னகா இது? தண்ணி விழுறதப் பாக்க அடையாள அட்டை வேணுமாம் எண்டு ஆர் சொன்ன?"

"அப்ப உங்கட கையில என்ன?" என்றார் பாக்கியம் மாமி.

மெர்சி அக்கா தன் கையைப் பார்த்தார். அட்டை இருந்தது. அவர் அந்த இடத்திலேயே, புல்லில், குந்திவிட்டார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஒவ்வொருவராக எல்லோரும் சிரித்தோம். கடைசியில் விளங்காமலே அந்தப் பெரியவரும் சிரித்தார். நீர்வீழ்ச்சிக்கு நடந்த பாதை முழுக்க, "பையத் திற", "எங்க போறாய்", "எப்ப வருவாய்" என்று ஒருவரை ஒருவர் சோதனை போட்டுக்கொண்டே போனோம். போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் கேட்ட அந்தக் கேள்விகளைப் பகிடியாகக் கேட்டுச் சிரிக்க முடியும் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

அப்புத்தளையில் ஒரு மடத்தில் தங்கினோம். கொண்டுவந்த உடுப்பு எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு விடிய எழும்பினோம். தேயிலைத் தோட்டத்துப் பாதையால் பஸ் ஏறக்கூடிய தூரம் ஏறி, மிச்சத்தை நடந்தோம். மெர்சி அக்கா என் கையைப் பிடித்திருந்தார்.

முனைக்கு வந்தபோது கீழே பள்ளத்தாக்கு முழுக்க வெள்ளையாக இருந்தது. கடல் தெரியவில்லை. "கொஞ்சம் பொறுங்க அக்கா, விலகும்" என்றேன். அவர் தலையாட்டினார்.

அது விலகவில்லை. எழும்பியது. கீழே படுத்துக்கிடந்த வெள்ளை முழுவதும் ஒன்றாகத் திரண்டு, சுவர் மாதிரி நிமிர்ந்து, சரிவில் எங்களை நோக்கி ஏறி வந்தது. தேயிலை வரிசைகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தது.

"தண்ணி வருது!" என்று கத்தினார் பாக்கியம் மாமி. "ஓடுங்க! மேல ஏறுங்க!"

ஓடினோம். மலையுச்சியில் நிற்கிறோம் என்பதை நாங்கள் எல்லோரும் மறந்தோம். செருப்புகள் கழன்றன. ஒருவர் மற்றவரை இழுத்துக்கொண்டு, பாதையை விட்டுப் பாறைகளில் தொற்றினோம். எல்லோருக்கும் முன்னால் ஓடியவர் மெர்சி அக்கா. பெரிய பாறை ஒன்றின் மேல் ஏறி, திரும்பி, கைகளை நீட்டி, "ரோசி! கையத் தா! ரோசி!" என்று கூப்பிட்டார். கீழே நின்றது நான். என் கையைப் பிடித்துத் தூக்கினார். அப்படி ஒரு பிடியை அதற்கு முன்னும் பின்னும் நான் அறிந்ததில்லை.

அது வந்து எங்கள் மேல் மூடியது.

ஒன்றும் நடக்கவில்லை. முகம் நனைந்தது. கண்ணிமையில் ஈரம் நின்றது. பக்கத்தில் நின்றவர்கள் மங்கலாகத் தெரிந்தார்கள். எல்லோருடைய மூச்சும் கேட்டது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து பாக்கியம் மாமியின் குரல் வந்தது. உதட்டை நக்கிப் பார்த்திருக்கிறார்.

"இதில உப்பு இல்லயேகா."

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாகவே வந்தன. கழன்ற செருப்புகளைத் தேடிக்கொண்டே சிரித்தோம். றபீக் நானா கீழேயிருந்து மூச்சு வாங்க ஓடி வந்து, "என்ன? ஆருக்கு என்ன?" என்று கேட்க, மாமி சொன்னார்: "ஒண்டுமில்ல மனே. முகம் கழுவினம்."

மெர்சி அக்கா பாறையிலிருந்து இறங்கவில்லை. பனிப்புகார் மெல்லக் கலைந்தபோதும் அங்கேதான் நின்றார். முதலில் கிட்டத்து மலை, பிறகு அதற்கப்பால் ஒன்று, பிறகு நீலமாகப் பல. எல்லாவற்றுக்கும் அந்தப் புறத்தில், வானம் முடியும் இடத்தில், வெள்ளிக் கம்பி போல ஒன்று மினுங்கியது. அவர் அதைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, தெருவில் கண்ட ஒருவரோடு கதைப்பதுபோல, சத்தமாகவே கேட்டார்:

"இவ்வளவுதானா நீ?"

இறங்கும்போது என் கையை விட்டுவிட்டுத் தனியே நடந்தார். ஊர் திரும்பிய பின்னேரம் எல்லோரும் இறங்கியதும் றபீக் நானாவிடம், "கல்லடிக் கடற்கரைக்கு விடுங்க" என்றார். சப்பாத்தோடு மணலில் இறங்கி, அலைக்கு எட்டாத தூரத்தில், முகத்தைக் காட்டி நின்றார். அடுத்த நாள் கந்தோரில் கதிரையைத் திருப்பிப் போட்டார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. கந்தோர் வேலையை இருவருமே விட்டோம். பொலனறுவையில் கல்லில் படுத்திருக்கும் புத்தரையும், சிகிரியாப் பாறையையும், எல்ல ஊர்ப் பக்கத்து மலைகளையும் நம் ஆட்களுக்குக் காட்டினார். தெற்கிலிருந்து வந்தவர்களுக்கு நம் கோட்டையையும் வெளிச்சவீட்டையும் வாவியையும் காட்டினார். கோட்டை வாசலில் நின்று, "இது எங்கட பூட்டன்மார் கட்டின வீடு. கந்தோர்க்காரர் குடியிருக்கிறாங்க, நான் ஒண்டும் சொல்றல்ல" என்பார். பாடும் மீன்களுக்குப் பெயர்போன அந்த வாவியில் வள்ளத்தில் போகும்போது, மீன் எப்போது பாடும் என்று கேட்டுக்கொண்டே இருந்த ஒரு கனவானிடம், "அது பாடிக்கொண்டுதான் இருக்குது சேர். நீங்க கொஞ்சம் வாயப் பொத்தினா கேக்கும்" என்றார். அந்த மனிதர் கோபிக்கவில்லை. அடுத்த வருஷம் குடும்பத்தோடு வந்தார்.

அன்று பதுளை வீதியில் பஸ்ஸை நான் நிறுத்தவில்லை. நீர்வீழ்ச்சியைக் காட்டிவிட்டே ஆசிரியைகளைத் திருப்பிக் கூட்டிவந்தேன். மறுநாள் அடக்கம். கடற்கரைக்குக் கிட்டிய கல்லறைத் தோட்டம். முதல் பஸ்ஸில் வந்தவர்களில் உயிரோடு இருப்பவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். குழியைச் சுற்றி நெருக்கமாக நின்றோம். பின்னால் நின்றவர்கள் எக்கி எக்கிப் பார்த்தார்கள். பாதிரியார் செபத்தை முடித்தார். அப்போது, பின்னாலிருந்து, கைத்தடி ஊன்றி நின்ற பாக்கியம் மாமியின் குரல் வந்தது. வயதானாலும் அதே குரல்.

"இடம் மாறுங்க!"

பாதிரியார் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு விளங்கவில்லை. எங்களுக்கு விளங்கியது. முன்னால் நின்றவர்கள் ஒதுங்கினோம், பின்னால் நின்றவர்கள் முன்னுக்கு வந்தார்கள். றபீக் நானா மாமியின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து குழியோரத்தில் விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிலர் சிரித்தார்கள்.

எனக்கென்று அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த இரண்டு சொற்களைத்தான். நல்ல இடம் கிடைத்தால் பார்த்து முடித்து எழும்ப வேண்டும். பயம் என்றால் தனியே போகாமல் ஒரு பஸ் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். இரண்டும் எனக்கு அந்தச் சொற்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

என் இடத்தை மாமிக்கு விட்டுவிட்டுக் கடைசி வரிசைக்கு வந்தேன். அங்கிருந்து குழி தெரியவில்லை. எல்லோருடைய தோள்களுக்கும் மேலால், மெல்லிய கோடாக, கடல் தெரிந்தது.