வளர்ந்து போட்டுக்கொள்ள ஒரு கண்ணாடி

2024 ஜூன் 15, சனிக்கிழமை, காலை 11.20. மழை விட்டு, கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் சாலையில் ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. எட்டு வயதுப் பேத்தியோடு கிள்ளானிலிருந்து கண்ணாடிக் கடைக்குச் சண்டை போட வந்திருந்தேன்.

ஆறு மாதத்துக்கு முன் அங்கேதான் அவளுக்குக் கிட்டப்பார்வை ஏறுவதை மெதுவாக்கும் லென்ஸ் வாங்கினேன். அன்று பவர் 2.25. போன வாரம் கிள்ளானில் வேறொரு கடையில் சோதித்தால் 2.75. என் மகனுக்கும் இதே வயதில்தான் ஆரம்பித்தது. இன்று கண்ணாடியைக் கழற்றினால் கதவைத் தடவித்தான் கண்டுபிடிக்கிறான். பேத்திக்கும் அந்த நிலை வரக்கூடாது.

அந்த லென்ஸ் மீது எனக்கு முதல் நாளே சந்தேகம். நேராகப் பார்த்தால் சாதாரணக் கண்ணாடி. சாய்த்துப் பிடித்தால் நடுப்பகுதியைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். அவைதான் வேலை செய்கின்றனவாம்.

“காச வாங்கிட்டீங்க, பவர் ஏறிடுச்சு. புள்ளி வச்சா போதுமா?” என்றேன்.

கண் பரிசோதிக்கும் பெண் அசரவில்லை. “நிக்கும்னு நான் சொல்லவே இல்லயே, அங்கிள். மெதுவாக்கும்னுதான் சொன்னேன்.” பேத்தியிடம் தாளும் பென்சிலும் கொடுத்து, பிடித்த சாப்பாட்டின் பெயர்களை எழுதச் சொன்னாள்.

இதுவும் ஒரு நாடகம் என்று நினைத்தேன். பேத்தி குனிந்தாள். கண்ணாடி மூக்கு நுனிக்கு வழுக்கியது. அதைத் தூக்கிவிடாமல், அதற்கு மேலாகப் பார்த்தே எழுதினாள்.

“லென்ஸ் வழியா பாக்கவே இல்ல, பாத்தீங்களா? ஃபிரேம் பெருசு லா. அன்னைக்கே சொன்னேன். ரெண்டு வருசம் போடணும், வளந்துடுவான்னு நீங்கதான் இதையே எடுத்தீங்க.”

உண்மைதான். எங்கள் வீட்டில் பள்ளிச் சீருடை, காலுக்குச் சப்பாத்து எல்லாமே ஓர் அளவு பெரிதாகத்தான் வாங்குவோம்.

“என் மூக்கு இன்னும் வளரல, தாத்தா,” என்றாள் பேத்தி.

விடவில்லை நான். “அதனாலதான் ஏறுச்சுன்னு நிச்சயமா சொல்வீங்களா?”

“மாட்டேன். சரியா போட்டாலும் கொஞ்சம் ஏறலாம். ஆனா இப்படிப் போட்டா, போடாத மாதிரிதான்.”

நிச்சயம் என்று அடித்துச் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். சின்ன ஃபிரேம் ஒன்றை எடுத்துப் பேத்திக்கு மாட்டி, குனியச் சொன்னேன், குதிக்கச் சொன்னேன், தலையை ஆட்டச் சொன்னேன். நகரவில்லை. பவர் மாறியதால் லென்ஸும் புதிது.

பழையது 1,380, புதியது 1,240. ரயில் கட்டணம் நீங்கலாக மொத்தம் 2,620 ரிங்கிட்.