ஐம்பத்தைந்தாவது கிலோமீட்டர்

அல்போன்சா வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டபோது அவளுக்கு நாற்பத்தாறு வயது. ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. புருஷன் இனிகோவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் திண்டுக்கல்லுக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். சித்தையன்கோட்டையிலிருந்து பஸ்ஸில்தான் போய்வந்தார்கள், நாலு மாதம். ஒரு நாள் திரும்பி வரும்போது, நெரிசலில் கம்பியைப் பிடித்து நின்றிருந்த இனிகோ அப்படியே மயங்கிச் சரிந்தான். கையில் ஊசி போட்ட இடம் பிரிந்து, பக்கத்தில் நின்ற பெண்ணின் சேலையெல்லாம் ரத்தம். அடுத்த வாரமே அல்போன்சா தன் தோட்டை விற்று ஒரு பழைய எக்செல் வண்டி வாங்கினாள்.

இனிகோவால் ஓட்ட முடியாது. ஊசி போடும் கைக்குப் பாரம் கொடுக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். சர்க்கரையால் பாதமும் மரத்துப் போயிருந்தது. இருபத்தாறு வருடம் லாரி ஓட்டியவன் அவன். ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றினால் கேரளாவில் இறக்குகிறவரை தூங்க மாட்டான். அப்படிப்பட்டவன் பெண்டாட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து போக முதல் வாரம் கூசினான். சர்ச் முக்கில் யாராவது நின்றால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வான். பிறகு அதுவும் பழகிப்போனது.

வண்டியில் பெட்ரோல் காட்டும் முள் கிடையாது. அந்த மாடலில் கம்பெனியே வைக்கவில்லை. ஓடிய தூரம் காட்டும் மீட்டர் மட்டும் உண்டு. போதாக்குறைக்கு டேங்கின் மேல் பாதியில், பற்றவைத்த இடத்தில் மயிரிழை போல் ஒரு வெடிப்பு. நிறையப் போட்டால் அது வழியாகக் கசிந்து வாடை வரும். இனிகோ குளியல் சோப்பைத் தேய்த்து அந்த வெடிப்பை அடைத்தான்.

"ரெண்டு லிட்டருக்கு மேல போட வேணாம் புள்ள. அதுவரைக்கும் போட்டா வெடிப்புக்குக் கீழதான் நிக்கும், ஒரு சொட்டு ஒழுகாது" என்றான்.

அன்றிலிருந்து பெட்ரோல் கணக்கு முழுக்க அவனுடையதானது. போடும்போது மீட்டரில் என்ன எண் என்று அல்போன்சா படித்துச் சொல்வாள். அவன் மனதில் வாங்கிக்கொள்வான். இரண்டு லிட்டர் போட்டால் ஐம்பத்தைந்தாவது கிலோமீட்டரில் வண்டி இருமும். அப்போது கீழே கையை விட்டுக் குழாயை ரிசர்வுக்குத் திருப்ப வேண்டும். அதன் பிறகு இருபத்தைந்து ஓடும். அதற்கு மேல் ஓடாது. காற்று எதிர்த்து அடித்தால் இரண்டு குறையும். இதையெல்லாம் முதல் மாதத்திலேயே பிடித்துவிட்டான். லாரியில் போகிறபோதும் டீசல் முள்ளை அவன் நம்பியதில்லை. குச்சியை விட்டுத்தான் அளந்து பார்ப்பான்.

"ஏப்புள்ள, இன்னும் மூணு கிலோமீட்டர்ல இருமும் பாரு" என்பான் பின்னாலிருந்து. இருமும். அல்போன்சா சிரித்துக்கொண்டே குழாயைத் திருப்புவாள். "எனக்கும் ஒரு நாளைக்கு முக்கா லிட்டர் தண்ணிதான் குடிக்கச் சொல்லிருக்காரு டாக்டரு. என்னயவிட இந்த வண்டிக்குக் கூடத்தான் குடுக்குற" என்பான்.

அவள் காலை நாலரை மணிக்குப் பூப்பறிக்கப் போய்விடுவாள். சம்பங்கித் தோட்டம். ஒன்பது மணிக்கு வந்து, குளித்து, அவனுக்கு உப்பில்லாத வெஞ்சனம் வைத்துக் கொடுத்து, பத்தரைக்குக் கிளம்புவார்கள். ஐந்து கிலோமீட்டர் போனால் செம்பட்டி. அங்கே பங்க்கில் பெட்ரோல் பிடிக்கும் சுகன்யா, தூரத்தில் வண்டியைப் பார்த்ததுமே "இனிகோண்ணே, இன்னைக்கு எம்புட்டு?" என்று கேட்பாள். "ஒன்னேகால்" என்பான் அவன். டேங்கைத் திறந்து பார்க்காமலேயே சொல்வான். ஊற்றினால் சரியாக இரண்டு லிட்டர் மட்டத்தில் போய் நிற்கும். சுகன்யாவுக்கு அது பெரிய வேடிக்கை. இப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் ஓடியது. ஒரு தடவைகூட வழியில் நின்றதில்லை.

மூன்றாம் வருடம் தவக்காலத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, செம்பட்டியில் அல்போன்சா வண்டியை பங்க்குக்குள் திருப்பப் போனபோது அவன் தோளைத் தட்டினான்.

"வேணாம், நேரா போ. போட்டது அப்பிடியே கெடக்கு."

"வெள்ளிக்கெழம போய்ட்டு வந்தோம்ல?"

"வந்துட்டுத்தான போட்டோம்."

போடவில்லை என்றுதான் அவளுக்கு நினைவு. ஆனால் அவன் தப்பாகச் சொல்லி அவள் கேட்டதேயில்லை. தனக்குத்தான் மறந்துவிட்டது என்று நினைத்து நேரே போனாள். பாதி வழியில் வண்டி இருமியது. பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவளே குழாயைத் திருப்பினாள். நாலு மணி நேரம் கழித்து ஊருக்குக் கிளம்பும்போது, "இங்கயே கொஞ்சம் போட்டுக்கிருவோமா?" என்று கேட்டாள்.

"எதுக்கு? இன்னும் ரிசர்வே திருப்பலயே."

"காலைல திருப்புனேனே."

"அது போன வாரம் புள்ள" என்றான். சலித்துக்கொண்டான்கூட.

செம்பட்டிக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி நின்றது. மணி நாலு இருக்கும், வெயில் இறங்கவில்லை. அந்த இடத்தில் ரோட்டின் இரண்டு பக்கமும் வெறும் தரிசு. அல்போன்சா குனிந்து பார்த்தாள். குழாய் ரிசர்வில்தான் இருந்தது. வண்டியை இடது பக்கம் தரைவரை சாய்த்துப் பிடித்து, மூலையில் தேங்கியதைக் குழாய்ப் பக்கம் கொண்டுவந்து கிளப்பினாள். இருநூறு அடி ஓடி மறுபடியும் நின்றது.

"போட்டப்ப மீட்டர்ல என்ன இருந்துச்சு?" என்று அவள் கேட்டாள்.

இனிகோ வாயைத் திறந்தான். எண் வரவில்லை. "நாப்பத்தொன்னு" என்றான். பிறகு "இல்ல, நாப்பத்தேழு" என்றான். பிறகு மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றான், அது வேறு யாருடைய வண்டியோ என்பது போல. வெள்ளிக்கிழமை போனதும் பெட்ரோல் போட்டதும் அவன் தலையில் குழம்பிக் கிடக்கின்றன என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

ரத்தம் சுத்தம் செய்யும் மெஷினிலிருந்து வந்த உடம்பு. நடக்க விடக் கூடாது. அவனை வண்டியில் உட்கார வைத்து, வெயிலுக்குத் தன் துண்டை அவன் தலையில் போர்த்தி, தள்ளத் தொடங்கினாள். பைக்கில் வந்த ஒருவர் நிறுத்தி, "பெரியவர நான் ஏத்திட்டுப் போய் நெழல்ல விடுறேன்க்கா" என்றார். இனிகோ தலையை ஆட்டி மறுத்துவிட்டான். அவளை ரோட்டில் தனியாக விட்டுவிட்டு வர மாட்டானாம். ஒன்றரை கிலோமீட்டர் தள்ளினாள். அதற்கப்புறம் ஒரு பால்காரர் தன் பைக்கிலிருந்தபடியே காலைக் கொடுத்து, பங்க் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்து விட்டார்.

வழி நெடுக இனிகோ அழுதுகொண்டுதான் வந்தான். "இருபத்தாறு வருசத்துல ஒரு தடவ நடுரோட்டுல நின்னதில்ல அல்போன்சா. ஒரு தடவ" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

வீட்டுக்கு வந்தும் சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். மறுநாள் அவன் எழுந்திருக்கும் முன்பு அல்போன்சா தேங்காய் நாரை எடுத்துப் போய், டேங்க்கில் அடைத்திருந்த சோப்பை ஒட்டச் சுரண்டினாள். பிறகு அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து காட்டினாள்.

"இங்கிட்டுப் பாருங்க. சோப்பு உதுந்து போயிருக்கு. நீங்க சொன்ன கணக்கு சரிதான். பெட்ரோலு இது வழியா ஒழுகிருக்கு."

இனிகோ குனிந்து வெடிப்பை விரலால் தடவினான். விரலை மோந்து பார்த்தான். அந்த வெடிப்பு இரண்டு லிட்டர் மட்டத்துக்கு மேலே இருக்கிறது. அதன் உயரத்துக்குப் பெட்ரோல் எட்டியதே இல்லை. அதை அடைத்தவனே அவன். நாரின் கீறல்கள் தகரத்தில் புதிதாக மின்னிக்கொண்டிருந்தன. அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான், செத்த நேரம்.

"ஆமா புள்ள. ஒழுகத்தான் செஞ்சிருக்கு" என்றான்.

அவன் நம்பினானா, அவளுக்காக நம்பினது போல் இருந்தானா என்பது அல்போன்சாவுக்குக் கடைசிவரை தெரியாது. அன்று அவன் இரண்டு இட்லி சாப்பிட்டான். அது அவளுக்குப் போதுமாயிருந்தது.

அதற்குப் பிறகு மீட்டர் எண்ணை அவளே பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். அவனிடம் கேட்பதை மட்டும் விடவில்லை. "எம்புட்டு போடட்டும்?" என்பாள். "மூணு லிட்டர்" என்பான் ஒரு நாள். "போன வாரம் போட்டது இருக்கு" என்பான் இன்னொரு நாள். "சரிங்க" என்று சொல்லிவிட்டு, சுகன்யாவுக்கு மட்டும் தெரியும்படி விரலைக் காட்டுவாள். சுகன்யா அந்த அளவைப் போட்டுவிட்டு, "அண்ணே கணக்கு சரியா இருக்கு" என்பாள் சத்தமாக.

ஜூன் மாதம் இரண்டாவது வெள்ளிக்கிழமை, மெஷினில் இருக்கும்போதே இனிகோவின் இதயம் நின்றுவிட்டது. திருப்பூரிலிருந்து மகன் ரொனால்டு வந்து சேர்வதற்குள் உடல் வேனில் ஏறிவிட்டது. அல்போன்சா உடலோடு போனாள். வண்டி ஆஸ்பத்திரி ஸ்டாண்டிலேயே நின்றது. எட்டு நாள் கழித்து, "நான் போய் எடுத்துட்டு வாரேம்மா" என்று மகன் சொன்னான். அவள் கேட்கவில்லை. தானே பஸ் ஏறிப் போய் எடுத்து வந்தாள். வழியில் செம்பட்டியில் இரண்டு லிட்டர் மட்டத்துக்குப் போட்டு, எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள். அது பழக்கமாகியிருந்தது.

ரொனால்டு திருப்பூருக்கே வந்துவிடச் சொன்னான். அவள் போகவில்லை. தோட்டத்துக்கும் சர்ச்சுக்கும் கடைக்கும் வண்டியிலேயே போய்வந்தாள். ஐம்பத்தைந்தாவது கிலோமீட்டர் வந்தது. வண்டி இருமவில்லை. அறுபது வந்தது. அறுபத்தைந்து வந்தது. எண்ணைத் தப்பாக எழுதிவிட்டோமோ, குழாய் ஏற்கெனவே ரிசர்வில் இருக்கிறதோ என்று அவளுக்குப் பயம் வந்துவிட்டது. குனிந்து பார்த்தாள். ரிசர்வில் இல்லை. தனக்கும் அவனைப் போலத் தலை மறக்கத் தொடங்கிவிட்டது என்றே நினைத்தாள். எழுபதில் நேராகப் பங்க்குக்கு விட்டாள்.

சுகன்யா மூடியைத் திறந்து, வண்டியை ஆட்டிப் பார்த்தாள். உள்ளே தளும்பும் சத்தம் கேட்டது.

"இன்னும் கெடக்குதுக்கா. எதுக்குப் பயப்படுறீங்க? இப்ப ஒரு ஆளுதான போறீங்க, மைலேஜ் கூடத்தான் குடுக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று சுகன்யாவுக்கு உறைத்தது. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அல்போன்சா வண்டியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், காற்றுப் பிடிக்கும் இடத்தில் நிறுத்தினாள். பின் சீட்டைக் கையால் துடைத்தாள். அதில் தூசி இல்லை, இருந்தாலும் துடைத்தாள். அடக்கத்தன்று எல்லாரும் பார்க்க அழாதவள், லாரியும் பஸ்ஸும் போய்க்கொண்டிருந்த அந்த ரோட்டோரத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். அறுபத்து மூன்று கிலோ இருந்தவன், கடைசியில் நாற்பத்தாறு கிலோவாக இருந்தான். அந்த நாற்பத்தாறு கிலோவும் இப்போது வண்டியில் இல்லை என்பதை வண்டி தெரிந்துகொண்டிருக்கிறது. சுகன்யா வரிசையில் நின்ற வண்டிகளை விட்டுவிட்டு வந்து, அவள் எழுந்திருக்கும்வரை பக்கத்தில் குந்தியிருந்தாள்.

ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை அல்போன்சா மறுபடியும் திண்டுக்கல்லுக்குப் போனாள். இனிகோவுக்காக வாங்கிய, ரத்தம் ஊறப் போடும் ஊசி இரண்டு, பக்கத்து வீட்டுப் பிரிட்ஜில் மிச்சமிருந்தது. ரம்ஜான் பீவியின் வீட்டுக்காரருக்கும் அதே ஊசிதான். இனிகோவும் அவரும் உள்ளே மெஷினில் இருக்க, மூன்று வருடமும் வெளி பெஞ்சில் ஒன்றாக உட்கார்ந்திருந்தவர்கள் அவளும் அல்போன்சாவும். ஐஸ் வைத்துக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ரம்ஜான் பீவி அவள் கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் இனிகோ படுக்கும் ஜன்னலோரக் கட்டில் தெரியும். அதில் முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண் படுத்திருந்தாள். அவளுடைய புருஷன் மாத்திரைச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் வாசலில் நின்றான். அல்போன்சா எழுந்துபோய், மருந்துக்கடை எந்தப் பக்கம், கஞ்சி எங்கே கிடைக்கும், திரும்பிப் போகும்போது பஸ்ஸில் நிற்க வைத்துக் கூட்டிப்போகக் கூடாது என்றெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

பிறகு இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். மகனைப் பற்றி, மழை இல்லாததைப் பற்றி. ரம்ஜான் பீவி கொண்டுவந்த சோற்றைப் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள். நாலு மணி நேரம் முடிந்து நர்ஸ் கதவைத் திறந்து, "கூட வந்தவங்கல்லாம் உள்ள வாங்க" என்றாள். ரம்ஜான் பீவி எழுந்தாள். அல்போன்சாவும் இனிகோவுக்குப் போர்த்தும் துண்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ரம்ஜான் பீவி திரும்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். அல்போன்சா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, படியிறங்கி ஸ்டாண்டுக்குப் போனாள்.